மூன்று தரம் திரும்பிப் பார்த்த அரசி

என்றைக்கும் என் அன்பு அப்புவுக்கு,

போன கிழமை அம்மாவைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய்ப் பேசும்படம் காட்டினேன். பனை ஏறி இறங்கும்போதெல்லாம் நீங்கள் பாடுவீர்களே, அந்தப் புராணக் கதையைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டுகள் உங்களுக்கு வந்த வழி எனக்குத் தெரியும். கோயில் மண்டபத்தில் புராணப் படிப்பு நடக்கும். எங்கள் சாதிக்கு உள்ளே இடமில்லை, வெளிமதிலோடு நிற்கவேண்டும். ஒருவர் பாட்டை உரத்துப் படிப்பார், அது மதில் தாண்டி வரும். மற்றவர் அதன் பொருளை விரித்துத் தணிந்த குரலில் பயன் சொல்வார், அது வராது. பாட்டை அவர்களிடம் கேட்டு, பொருளை நீங்களே கண்டுபிடித்தீர்கள்.

நாடு கடத்தப்பட்ட அரசி மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள் என்பதோடு ஒரு பாட்டு நின்றுவிடும். "பிள்ளை பின்னாலை வருதோ எண்டு பாத்திருப்பாள்" என்று என்னிடம் சொன்னீர்கள். பயன் சொல்பவரின் வீட்டு வளவுப் பனையடியில் நாங்கள் நின்றோம். அவருடைய மகன் அதைக் கேட்டுச் சிரித்தான். அவள் பார்த்தது இழந்த அரண்மனையை என்றான். "மதிலுக்கு வெளியிலை நிண்ட உனக்கு என்னடா விளங்கும்?"

அவனுக்கு என் வயது. "ஓம் நயினார்" என்று தலை குனிந்தீர்கள். பிறகு சாகும்வரை நீங்கள் பாடவேயில்லை. அன்றைக்கு அவனைவிட உங்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

கொட்டகையில் நாங்கள் தரையில், எல்லாச் சாதியோடும் இடித்துக்கொண்டு இருந்தோம். அந்தப் பாட்டு வந்தது. சுவரளவு முகத்தோடு அரசி திரும்பினாள். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம் அவள் பார்த்ததை எங்களுக்கும் காட்டினார்கள். அரண்மனை இல்லை, அப்பு. புழுதியில் ஒரு சின்னப் பிள்ளை, விழுந்து எழும்பி ஓடி வந்தது.

கடலுக்கு அப்பால் இந்தப் படத்தை எடுத்த, உங்களை அறியாத ஒருவன், நீங்கள் பனை உச்சியில் கண்டதையே எப்படிக் கண்டான்? அவனும் ஏதாவது மதிலுக்கு வெளியே நின்று கேட்டவனா?

அம்மா என் கையைப் பிடித்தாள். "கொப்பர் சொன்னது சரிதானேடா" என்று உங்களைச் சொன்னாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை.

அடுத்த மாதம் கோயிலில் படிப்புத் தொடங்குகிறது. மதிலடியில் நான் நிற்பேன். அந்தப் பாட்டு முடிந்ததும் உங்கள் பயனை, மண்டபத்துக்குக் கேட்கும்படி உரத்துச் சொல்வேன். அடிக்க வருகிறவர்கள் வரட்டும். நான் தலை குனியமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பின்னால் வந்துகொண்டிருக்கும் மகன்.