திருமதி செல்வராஜ் யார்?

ஞாயிறு, இரவு.

இன்று பெண்கள் ஞாயிறு. ஒத்தக்கடையில் எங்கள் சபையில் வேதபாடம் வாசிக்கும் பெண்களின் பட்டியலை டைப் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எல்லாம் வீட்டுக்காரர்களின் பேர். அம்மாகூட அதில் திருமதி செல்வராஜ்தான். பெண்கள் ஞாயிறா, புருஷர்கள் ஞாயிறா? யாரிடமும் சொல்லாமல் அவரவர் சொந்தப் பேரைப் போட்டுவிட்டேன்.

ஆராதனையில் போதகர், "வேதபாடம் வாசிக்க பொன்மணி வரவும்" என்றார்.

யாரும் எழவில்லை. திருமதி செல்வராஜுக்காகக் காத்திருந்த அம்மாவும், அது யார் பொன்மணி என்று திரும்பிப் பார்த்தாள். அம்மா முதன்முதலாக வாசிக்கிற நாளை நானே கெடுத்துவிட்டேனோ?

ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா எழுந்தார். "ஏய் பொன்மணி, உன்னையத்தான்! போ!"

கோயிலே சிரித்தது. கல்லறைத் தோட்டத்தில் இயேசு "மரியாளே" என்று கூப்பிட்ட பகுதியை அம்மா வாசித்தாள். அந்தப் பேர் வந்ததும் ஒரு நொடி நின்றாள். இயேசுவும் திருமதி இன்னார் என்று கூப்பிடவில்லையே!

வீட்டில் என் காதைத் திருகினாள். "இம்புட்டுச் சேட்டை எங்கருந்துடி வருது?" வலிக்கவே இல்லை.

இப்போது கூடத்திலிருந்து அப்பா குரல்: "பொன்மணி, ஒரு சுக்குக் காபி."

"நீங்களே போட்டுக்கங்க, திருவாளர் பொன்மணி!"