எதிரில் ஒரு தட்டு

ஷாரோனை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் ஹாரன் அடித்துவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து கணவன் இமானுவேல் வரும்போது ஷாரோன் வீட்டில் இருக்கமாட்டாள். காலண்டர் தாளைக் கிழித்து அவசரமாக எழுதினாள்.

"பாப்பா பக்கத்து வூட்டு கீதாக்காகிட்ட கீது, இட்டாந்துடு. முருங்கைக்கீரை அடை சுட்டு மூடி வெச்சிகீறேன். நீ உத்திரமேரூர்ல வாங்கியாற சிப்ஸ அது கண்ணுல காட்டாத. போன்ல கத்துனேன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிக்காத. அடைய ஊட்டவும் வேணாம். நீயும் ஒரு தட்டு போட்டுக்கினு எதிர்ல குந்து, உன்னப் பாத்து அதுவே பிச்சித் துன்னும்."

செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் நுணுக்கி எழுதினாள்.

"எனக்கும் டப்பால அதே அடைதான். நேத்து கட்டிக்கினு போன சோத்த, கேன்டீன்ல கொஞ்ச நேரம் குந்திக்கினு இருந்துட்டு, அப்படியே திருப்பி எடுத்தாந்தேன். எதிர்ல ஆளு இல்லன்னா எனக்கும் எறங்கல."