மேல்மாடி வாசலில் உன் தம்பி

என் அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா. இங்கே எனக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு இரத்த அழுத்தம், இரண்டும் எங்களை விட்டுப் போகிற மாதிரி இல்லை, மற்றபடி நலம். உன் தம்பியைப் பற்றித்தான் அப்படி ஒரே சொல்லில் எழுத முடியவில்லை. அவன் பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நம் குடியிருப்பில் மாடிப்படி வாசல்களில் பெண்கள் கழற்றிவிட்ட செருப்புகள் காணாமல் போனதும், அவை உன் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு எடுத்துப் போகிற பையில் அகப்பட்டதும் உனக்குத் தெரியும். மருமகள் அன்றைக்கே பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். கீழே என் தையல் கடையில் கொடுத்த துணிகளை எல்லோரும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்பா அவனோடு பேசுவதில்லை, உப்பு அவன் கையருகே இருந்தாலும் அடுப்படியில் இருக்கும் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மனநல மருத்துவரிடம் அவனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வெளியே இருக்கிறேன் என்றதற்கு, நீயும் இரும்மா என்றான். பெண்களின் செருப்பைக் கண்டால் எழுகிற ஆசையை அவன் தலைகுனிந்தபடி சொன்னான், நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன், பெற்றவள் கேட்கிற பேச்சா அது. வேண்டாம் என்று தள்ளினாலும் அந்த நினைப்பே சுற்றிச் சுற்றி வருமாம், எடுத்தால்தான் நெஞ்சு அடங்குமாம், அடங்கியதும் தன்னையே காறித் துப்பத் தோன்றுமாம். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பானே, அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் ஓடி வருவானே, அதையும் டாக்டரம்மா விசாரித்தார். அது வேறு, இது வேறு, ஆனால் சிலருக்கு இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும், மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை இந்த ஓயாத நினைப்பின் பிடியைத் தளர்த்தலாம் என்றார். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்மா. சில வாரம் ஆகும், பேச்சு சிகிச்சைக்கும் வரணும். செஞ்சதுக்குப் பொறுப்பு அவர்தான், மாத்திரை அதை மாத்தாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மாத்திரை முதலில் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் கெட்டது. பிறகு மெல்ல முகம் தெளிந்தது. அந்த நினைப்பு இப்போது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, காதில் விழுகிறது, ஆனால் எழுந்து வா என்று கூப்பிடவில்லை என்றான். சரியாகிவிட்டது என்று நம்பி யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியும்விட்டான். அதைப் போட்டதிலிருந்து எந்த ஆசையும் இல்லாமல் மரக்கட்டையாக இருக்கிறதாம், மருமகள் திரும்பி வந்தால் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று பயமாம், டாக்டரிடம் சொல்ல வெட்கமாம்.

போன வாரம் ஒரு சாயங்காலம், அவனிடம் செருப்பைப் பறிகொடுத்த மேல்மாடி டீச்சர் என் தையல் கடைக்குப் போன் செய்தார். "உங்க பையன் என் வாசல்ல நிக்கிறார். உடனே வாங்க" என்றார். முழங்காலை மறந்து படியேறினேன். டீச்சர் கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நிற்கிறார். உன் தம்பி எதிர்ச் சுவரில் முகத்தை வைத்து, கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு நிற்கிறான். டீச்சரின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனவன், போனைக்கூட எடுத்துப் போகவில்லை, அந்தச் செருப்பைத் தாண்டி இறங்க முடியாமல் அவனே மணியை அடித்து, "டீச்சர், எங்க அம்மாவைக் கூப்பிடுங்க, என்னால நகர முடியல" என்றானாம். டீச்சர் கதவைத் திறக்காமலே பேசினார். "எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. ஆனா இன்னைக்கு அவர் எடுக்கல, அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

மறுநாளே போனோம். அப்பாவும் கூட வந்தார், உள்ளே வராமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா கோபித்துக்கொண்டார், நிறுத்துவதானால் தன்னைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றார், பிறகு அவன் நிறுத்திய காரணத்தைக் கேட்டுக்கொண்டு வேறொரு மாத்திரை தந்திருக்கிறார், இது எப்படிப் போகும் என்று இன்னும் தெரியாது. டீச்சர் தன் வாசலில் பயமில்லாமல் செருப்பைக் கழற்ற வேண்டும், அதனால் நாங்கள்தான் வீடு மாறுகிறோம். மருமகள் தினமும் போன் செய்து "மாத்திரை போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறாள், அந்தப் போன் வரும்வரை அவன் மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அவன் இருந்தால் நான் வரமாட்டேன் என்றாய். வரச் சொல்லிக் கெஞ்சவில்லை, மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை, அவன் எடுத்ததில் உன் செருப்பும் உண்டு, அந்தக் கோபம் உன்னுடையது. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும், தைராய்டு மாத்திரையை நீயும் விடாமல் போடு. ஒன்று மட்டும் மறக்காதே. திட்டுவதானால் உன் தம்பியையே கூப்பிட்டுத் திட்டு. என்னிடம் சொல்லி அனுப்பினால் பாதியை நான் விழுங்கிவிடுகிறேன்.

உங்கள் இரண்டு பேரையும் பெற்ற,
அம்மா