வால் விட்ட வரி

மாப்ளே,

மேட்டூர் அணை நிரம்பிப் பதினாறு கண் மதகிலும் தண்ணீர் போன வருஷம் அது. மாரியம்மன் பண்டிகையில் மழை பிடித்துக்கொண்டு, நம் தெருக்காரர்கள் நனைந்த விறகை வைத்துக்கொண்டு தீமிதிக்கும் பூக்குண்டத்தின் முன்னால் நின்றதும் அதே வருஷம்தான். அந்த ஆடியில் நீ உன் இரண்டு தறிகளில் ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட்டாய். தறி இருந்த இடத்தில் எழுதுவதற்கு ஒரு மேசையைப் போட்டாய். போன வாரம் அதே இடத்தில் என் மகன் மறுபடியும் ஒரு தறியை நிறுத்திவிட்டான். புதுப் பாவு நூல் ஏற்றினார்கள். அந்த நூலின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து, எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

இந்தச் செங்கோடனுக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியாததல்ல. நான் சொல்லச் சொல்ல மருமகள் கோமதி எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போடாதே, அவன் எழுதுகிற மாதிரி புத்தகத் தமிழில் போடு என்று சொல்லியிருக்கிறேன். மத்தியானச் சோற்றை இறக்கிவைத்துவிட்டு, பள்ளிக்கூட வண்டி வருவதற்குள் அவளுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. அதை எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

உனக்கு நெஞ்சில் பஞ்சு அடைத்திருக்கிறது, இனித் தறிப் பக்கமே போகாதே என்றுதான் சேலத்து டாக்டர் சொல்லி அனுப்பினார். நீ என்ன செய்தாய்? ஓடுகிற தறிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மேசையைப் போட்டாய். அன்றைக்கு உனக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சி கத்தின கத்து இரண்டு தெருவுக்குக் கேட்டது.

“ஏண்ணா, நீயே கேளு இந்தக் கூத்தை. தறியத் தூக்கிப்போட்டு மேசையப் போடறாராம். மேசை சோறு போடுமா?”

“மேசை சோறு போடாது புள்ளே. அதுக்குத்தான் இன்னொரு தறி கெடக்குதில்ல. உங்கண்ணன் ஓட்டட்டும்.”

“உள்ரூம்புல போய் உக்காந்து எழுதுறதுக்கு என்ன கேடு? பஞ்சு பறக்கற எடத்துலதான் எழுதோணுமா?”

“சத்தமில்லாத ஊட்டுல எனக்கு நெனப்பே வர மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?”

அவள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வரும்போது தன் பழைய நைலக்ஸ் சேலை ஒன்றைக் கொண்டுவந்து, தறிக்கும் மேசைக்கும் நடுவில் திரையாகக் கட்டினாள். பஞ்சு காகிதத்தில் ஒட்டுகிறதாம், அதனால் கட்டினாளாம். உன் நெஞ்சைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ எழுத நினைத்தது பெரிய கொட்டாயைப் பற்றி. நாம் இருவரும் மீசை முளைக்கும் முன்னால் தறி ஓட்டப் போன இடம். இப்போது அங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது. நம்மோடு ஓட்டியவர்கள் ஒவ்வொருவராக இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார்கள். “நாமளும் போயிட்டா அந்தக் கொட்டாய்ல யாருமே வேலை செய்யலைன்னு ஆயிரும் மச்சான்” என்று சொன்னாய். உன் மூச்சு நிற்பதற்குள் அத்தனை பேரையும் காகிதத்தில் ஏற்றிவிட வேண்டும். உனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

ஆனால் மேசை வந்த பிறகும் எழுத்து வரவில்லை. தறியின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், பேனாவைப் போட்டுவிட்டு இழை அறுந்ததா என்று திரைக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பாய். அப்படி நீ வந்து நின்ற ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏய்யா, தறி ஓட்டறது நானா நீயா?”

“நீதான். ஆனா காது இங்கயே கெடக்குதே.”

“காதை எறக்கி வெய்யி. தறி இனி என் காதுக்கு. நீ உன்ற சோலியப் பாரு.”

அன்றிலிருந்து இழை அறுந்தால் நீ தலையைத் தூக்கவில்லை. அது உனக்கு லேசான காரியமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வேறு கஷ்டம் வந்தது. ஒரு நாள் உட்கார்ந்து ஒருவனைப் பற்றி முழுவதும் எழுதி முடித்துவிடுவாய். மறுநாள் வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தபடி இருப்பாய். முகம் கறுத்துப்போகும். இருமல்தான் மிச்சம். “எங்க புடிச்சு ஆரம்பிக்கறதுன்னே தெரியல மச்சான்” என்பாய்.

அந்தச் சமயத்தில்தான் தறியில் பாவு தீர்ந்தது. பாவு பிணைக்கிற அம்மா வந்து உட்கார்ந்து, பழைய பாவின் வாலில் நான் விட்டுவைத்திருந்த ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தார். தறி ஓடாததால் நீயும் எழுதாமல் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாய். திடீரென்று சிரித்தாய். “பெரிய கொட்டாய்ல நான் வால் விடாம ஓட்டுன கதை ஞாபகம் இருக்குதா?” என்றாய்.

மறக்குமா? நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. பாவு தீரப்போவதைப் பார்த்து, துணி வீணாகக் கூடாது என்று கடைசி நூல்வரை ஓட்டிவிட்டாய். வால், இழைகள் கோத்திருக்கும் அச்சை விட்டே வெளியே வந்து விழுந்துவிட்டது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். “அடப்பாவி, ஒரு சாண் உட்டிருந்தா பிணைச்சிருப்பாங்களே! இனி அத்தனை இழையும் முதல்ல இருந்து கோக்கோணும். உங்கப்பனா வந்து கோப்பான்?” பழனி தன் தறியிலிருந்தே உன்னை மிச்சம்வைக்கத் தெரியாத மகராசன் என்று கூப்பிட்டான். அந்தப் பெயர் அந்த வருஷம் முழுக்க உனக்கு ஒட்டிக்கொண்டது.

பாவு பிணைத்து முடிந்து தறி ஓடத் தொடங்கியதும் நீ உட்கார்ந்தாய். அன்றைக்கு எழுதியதை முடிக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வரியின் பாதியில் பேனாவை மூடினாய். “வால் உட்டாச்சு. நாளைக்குப் பிணைச்சுக்கலாம்.” மறுநாள் வந்து அந்தப் பாதி வரியை ஒரு முறை வாய்விட்டுப் படித்தாய். கை தானாக ஓடியது. அதன் பிறகு நீ வெள்ளைக் காகிதத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாள் கிடையாது. காலை டீ குடித்த கையோடு உட்காருவாய். மத்தியானச் சங்கு ஊதினால் வாலை விட்டுவிட்டு எழுந்துவிடுவாய். விருந்தாளி வந்தாலும் அதுதான். இருமல் முந்தானையைப் பிடித்து இழுக்கிற பிள்ளை மாதிரி விடாமல் இழுத்த நாட்களிலும் அதுதான்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாய்.

“பழனிக்குத் தறியில இருந்து நாடாக்கட்டை தெறிச்சுப் போனது எந்தக் கண்ணு?”

“சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு.”

“எப்ப?”

“அவன் பொண்டாட்டிக்கு வளைகாப்புப் போட்ட மறுவாரம். கட்டுப் போட்ட கண்ணோடயே வந்து ஓட்டுனான்.”

“அர்த்தநாரி?”

“அவன் தறி மேலயே சாஞ்சான். தூங்கறான்னு நெனச்சு நீதான் காதுல சீட்டியடிச்ச.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேனா ஓடும் சத்தமே கேட்கவில்லை. எனக்குக் கேட்காதுதான், தறிச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? ஆனாலும் நின்றது தெரிந்தது.

கடைசி நாள் ஒரு இழைகூட அறவில்லை. தறி ஒரே சீராக ஓடியது. சங்கு ஊதியதும் பேனாவை மூடினாய். “எல்லாரும் முடிஞ்சாங்க மச்சான். இனி மிச்சம் நாமதான். வால் உட்டிருக்கேன்” என்றாய். மறுநாள் விடியும்போது உனக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஜலகண்டாபுரம் எல்லை தாண்டுவதற்குள், ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாய். அர்த்தநாரியைப் போலவே நீயும் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

உன் மகன் தறியை இடத்தோடு என் மகனுக்கு விட்டுவிட்டுத் தன் அம்மாவைச் சூரமங்கலத்துக்குக் கூட்டிப்போனான். போகும்போது உன் காகிதங்களை என்னிடம் கொடுத்தான். “அப்பா எல்லாத்தையும் எழுதிட்டாருங்க மாமா. கடைசி ஒரு வரிதான் பாதியில நிக்குது. அது கெடக்கட்டும், உடுங்க” என்றான். அவன் தறி ஓட்டி வளர்ந்தவனில்லை. பாதியில் நிற்கும் பாவு ஆளுக்காகக் காத்திருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்வது?

சுவரோரம் நகர்த்திய உன் மேசை மேல் இப்போது ஊடைநூல் சுற்றிய தார்களின் கூடை இருக்கிறது. இன்று அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு தறிகளும் ஓடும்போதே கோமதியை அந்தக் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். அவள் பாதி படிப்பதற்குள் ஒரு தறியின் சத்தம் மாறியது. நான் எழுந்துவிட்டேன்.

“உக்காருங்க மாமா. அவுரு பாத்துக்குவாரு. நீங்க சொல்லுங்க.”

உட்கார்ந்தேன். உன் காதை இறக்கி வைக்கச் சொல்லி அதை வாங்கிக்கொண்டவன் நான். என் காதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நானேதான் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அதற்கே அவளுக்குக் கிடைத்த நேரத்தில் பாதி போய்விட்டது.

மறுபடியும் படித்தாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“மாமா, இதுல ‘நானும்’னு பெரியவர் தன்னச் சொல்லியிருக்காரு. இப்ப அவரு இல்லீங்களே. அதை அடிச்சிரட்டுங்களா?”

“அடிக்காதே சாமி. அவன் எழுதறப்ப அது நெசம். பழைய இழைய அறுத்துட்டு எதுல கொண்டுபோய்ப் பிணைக்கறது? அப்படியே இருக்கட்டும். பக்கத்துல நான் சொல்றதைச் சேர்த்துப் போடு.”

‘நானும்’ என்று நீ வால் விட்ட இடம் இதுதான் மாப்ளே. பிணைத்துவிட்டேன்.

பெரிய கொட்டாயில் தறி ஓட்டியவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது நானும், என் மச்சான் செங்கோடனும்.