கறிவேப்பிலைக்குப் போட்ட மண்

கிள்ளான்
20.11.1994

அன்பு மகள் ரமணிக்கு,

அப்பா எழுதுகிறேன். லிவர்பூல் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறோம். இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லாரும் சுகம், உன் அப்பாவின் மானம்தான் கொஞ்சம் சீக்காய்க் கிடக்கிறது. நான் திருடிவிட்டேன் கண்ணு. நகை இல்லை, நட்டு இல்லை, மண். சிரிக்காதே, முழுசாகப் படி.

நம் வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்த பேட்டரி ஃபேக்டரியை இடித்தாகிவிட்டது. அங்கே நம் வரிசை வீட்டுக்காரர்களுக்கே ஃபிளாட் கட்டித் தரப்போகிறார்கள், நமக்கு இரண்டாம் மாடி, லிப்ட் உண்டு. வெள்ளம் வந்தால் இனி அம்மா அந்த முழங்காலோடு கட்டில்மேல் ஏறி உட்கார வேண்டாம். ஆனால் நிலமெல்லாம் ஈயம் ஊறிக் கிடக்கிறதாம், அதைத் தோண்டி எடுத்துவிட்டு வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நிரப்பினால்தான் கட்டலாமாம். மண்ணுக்கும் ஆபரேஷன் வந்துவிட்டது பார். தோண்டிய கெட்ட மண்ணைக் குவித்து, நீலக் கேன்வாஸ் போட்டு, கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் லோரி கொண்டுவந்து கொட்டிய நல்ல மண். இந்த விவரமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஒரு சாயங்காலம் வேலி ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன், கருகருவென்று மண், நம் கறிவேப்பிலை மரம் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு கோணி. அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வாங்கினாள், இப்போது கேட்டால் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பாள்.

போன மாதம் மண்ணைச் சோதிக்க சண்முகரத்தினம் என்று ஒரு இளம் எஞ்சினியர் வந்தார். அங்கிள், ஃபேக்டரி சங்காத்தமே இல்லாத மண் கொஞ்சம் கிடைக்குமா, ஒப்பிட்டுப் பார்க்கணும் என்று கேட்டார். உன் அப்பன் வாய் சும்மா இருக்குமா? தம்பி, இந்த வரிசையிலேயே சுத்தமான மண் நம்ம கறிவேப்பிலையடி மண்தான்லா என்று கூட்டிப்போய் நானே மண்வெட்டியும் எடுத்துக் கொடுத்து, கோப்பியும் கலக்கிக் கொடுத்து அனுப்பினேன். கோணி ஞாபகமே வரவில்லை, சாமி சத்தியம். போன வாரம் ரிப்போர்ட் வந்தது. அலமாக்! ஃபேக்டரி மண்ணும் நம் மண்ணும் அக்காள் தங்கையாம். ஈயம் வேலி தாண்டிவிட்டது, வீடுகளையெல்லாம் சோதித்த பிறகுதான் மற்றது என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். ஃபிளாட் எப்போது என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறார்கள்.

பக்கத்து வீட்டு குணபூசணி அக்கா கீரைச் சட்டிகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டார், புருஷன் தலை வழுக்கையானதற்கும் இந்த ஈயம்தான் காரணமாம். அவர் கல்யாணத்தன்றே வழுக்கை, நான் சாட்சி. இத்தனை வருஷம் நம் மரத்தில் கேட்காமல் பறித்தவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க என்று வந்து நிற்கிறார்கள். யார் யார் பறித்தார்கள் என்பதாவது தெரிந்தது. நானும் அம்மாவும் கிளினிக்கில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். ஆனால் மரத்தைப் பார், என்ன தளதளப்பு! அது விஷமா உரமா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நர்ஸ் வேலை பார்க்கிறாயே, உனக்காவது விளங்கினால் எழுது.

சொன்னால் கோயில் கமிட்டியில் சாகிறவரை நான் மண்திருடன் தம்புசாமி. சொல்லாவிட்டால் ஃபிளாட் இல்லை, ஊரும் பயத்திலேயே கிடக்கும். நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லிருவேன் என்கிறாள் அம்மா. அதனால் நாளைக் காலை எஞ்சினியரிடம் சொல்லிவிடப் போகிறேன், ஈயம் தானாக வேலி தாண்டவில்லை தம்பி, நான்தான் அந்தக் கெட்ட மண்ணைத் தூக்கி வந்தேன், மற்ற வீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம், நீங்கள் நல்ல மண்ணைப் போட்டு நிரப்பி வேலையைத் தொடங்குங்கள் என்று. நினைத்தாலே நெஞ்சு லேசாகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், சுவெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நீ நிறைவாக இருக்கவேண்டும். முக்கியமாக, அம்மா அனுப்பிய கறிவேப்பிலைப் பொடியைத் தொடாதே, அப்படியே குப்பையில் கொட்டிவிடு.

இப்படிக்கு,
உன் மானங்கெட்ட அப்பா,
அ. தம்புசாமி

பி.கு.: கடிதத்தை வாசித்துவிட்டு அம்மா ஒன்று கேட்கிறாள். அன்றைக்கு நீங்க கயிறு எதையும் அவிழ்க்கலையே, லோரிக்காரன் கொட்டிட்டுப் போன குவியல்லதானே அள்ளினீங்க என்கிறாள். யோசித்துப் பார்த்தேன். ஆமாம், நல்ல மண் என்று கொட்டி வைத்திருந்த குவியல்தான்.