நவகிரகமும் உங்கள் பெயரும்

ஏங்க,

இன்று காலை கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உலகக் கண்காட்சிகளின் நினைவாக நீங்கள் சேர்த்த குட்டிக் கட்டடங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஒன்பது உருண்டைகளைக் கம்பியால் கோத்த அந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். பெயர் வரவில்லை. துணியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

அதை வாங்கிய கதை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மிக்ஸிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே கிடந்தது. கடைக்காரர், "நவகிரகம் சார். வூட்ல வெச்சா நல்லது, எடுத்துக்கோ" என்றார். நான் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சந்தையைத் தாண்டியதும், "அடியே, இது பிரஸ்ஸல்ஸ்ல கண்காட்சிக்குக் கட்டினது" என்று சொல்லி அதன் பெயரையும் சொன்னீர்கள். இரும்புலியூர் வரும்வரை பஸ்ஸில் ஒரே சிரிப்பு. எனக்கு வந்ததே கோபம்!

வெளிநாடு போகிறவர்களிடம் ஊரெல்லாம் சென்ட் கேட்டால், நீங்கள் இந்தப் பொம்மைகளைத்தான் கேட்பீர்கள். கண்காட்சி முடிந்ததும் கட்டடங்களைப் பெரும்பாலும் இடித்துவிடுவார்களாம். "அப்புறம் மிச்சம் இதுதான்" என்பீர்கள். அடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்! "எதுக்கு? உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே" என்று என் தலையில் ஐஸ் வைத்தீர்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான்தான் பெயர் சொல்வேன், நீங்கள் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு ஒவ்வொன்றாக நழுவுகிறது. போன மாதம் தண்ணீர் ஊற்றாமல் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டேன். நம் மகள் விடாப்பிடியாக டாக்டரிடம் அழைத்துப்போனாள். அவர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். "உங்க ஹஸ்பண்ட் பேரு என்னம்மா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை.

மகளின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அப்பா பேரும்மா..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்பது வருடத்தில் உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில்கூட அட்டையை நீட்டிவிட்டுச் சும்மா நிற்பேன். அந்தப் பழக்கம்தான், வேறொன்றும் இல்லை என்று மகளிடம் சாதித்துவிட்டேன். அவளும் நம்பிச் சிரித்தாள். உங்களிடம் மறைப்பானேன்? அந்த நொடியில் பெயர் நாக்கு நுனியில் நின்றதா, இல்லை உள்ளேயே இல்லையா, எனக்கே தெரியவில்லை.

பொம்மைகளின் பெயர் போனால் போகட்டும், மகள் போனில் பார்த்துச் சொல்லிவிடுவாள். அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்றைக்கும் வந்தது.