மக்காச்சோளத்தில் என் பங்கு

டெக்சஸின் கேட்டி நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டக்கடையில் கோழி எரு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று ஓரத்தில் கிழிந்திருந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். தலையில் எருச்சாக்கு, இடுப்பில் இறுக்கிக் கட்டிய துணி, வாயில் யாரையோ திட்டிக்கொண்டு. அங்கேயே நின்று அழுதேன். "அலர்ஜியா? கார்ல வெயிட் பண்றியா?" என்றார் என் கணவர். எரு மூட்டைக்கு முன்னால் நின்று அழுதவள் டெக்சஸில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீ போய்விட்டாய் என்று உன் மகள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியது போன மாதம். படுக்கையில் விழும் வரை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லையாம். அதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தான்சானியாவில், தார் எஸ் சலாமின் விளிம்பில், பஸ் திரும்பிப் போகும் இடத்துக்கும் அப்பால் இருந்தது நம் வார்டு. பாதி கட்டிய வீடுகள், நடுநடுவே மக்காச்சோளம், மரவள்ளி, கீரைப் பாத்திகள். நகரத்துக்காரர்கள் மனையை வாங்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். வீடு எழும்பும் வரை அக்கம்பக்கத்தவர் அதில் வெள்ளாமை செய்துகொள்ளலாம். குத்தகையும் இல்லை, பத்திரமும் இல்லை. மரம் மட்டும் நடக்கூடாது. நட்டால் நிலத்துக்கே உரிமை கேட்பதாக அர்த்தம். அப்படி ஒரு மனையில்தான் உன் வீட்டுச் சாப்பாடு விளைந்தது. அதற்கு எதிரே, எரிவாயுக் கம்பெனி கொடுத்த வீட்டில், வேலைக்குப் போக பர்மிட் இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன் நான், எஞ்சினியர் பெண்டாட்டி.

ஒருநாள் வேலிக்கு வந்து மண்வெட்டியை நீட்டினாய். விருந்தாளியை இரண்டு நாள் உட்கார வை, மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்பது உங்கள் ஊர்ப் பழமொழியாம். எங்கள் ஊரிலும் விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான் என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை சுவாஹிலியில். நீங்கள் விரட்டிவிடுகிறீர்கள், நாங்கள் வேலை வாங்குகிறோம், இதில் யார் நல்லவர் என்று கேட்டுச் சிரித்தாய். கோபிப் பக்கம் விவசாயி வீட்டில் பிறந்தும், படிக்கிற பிள்ளை என்று சேற்றில் இறங்க விடாமல் வளர்த்த உடம்பு இது. முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்தது. நீ கொடுத்த இரண்டு பாத்தியில் தண்டுக்கீரை விதைத்தேன். நீ அதையே தேங்காய்ப்பாலில் வேகவைப்பாய், நான் பருப்புப் போட்டுக் கடைவேன். ஒருவர் சமையலை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்வோம்.

அந்த வருஷம் மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் செங்கல் லாரி வந்தது. மனைக்காரர் மரியாதையான மனிதர்தான். நிலமும் அவருடையதுதான். கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார், பயிரை எடுத்துவிடுங்கள் என்றார். பாலாக இருக்கும் கதிரை எடுத்து என்ன செய்வது? அடுத்த மழை வரை உன் பிள்ளைகளுக்கு வேறு தானியம் கிடையாது. அக்கம்பக்கத்தவர் கூடிவிட்டார்கள். நீ கெஞ்சிப் பார்த்தாய், நடக்கவில்லை. திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அவர் முன்னால் நிறுத்தினாய்.

உன் பேச்சை நான் கோபித் தமிழில்தான் நினைவு வைத்திருக்கிறேன். "இதுல பாதி இவளோடதுங்க. ஊருக்கு வந்த விருந்தாளி வெதச்சதை அழிப்பீங்களா? இவகிட்டயே கேளுங்க."

அவர் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார், உன்னுடையதா என்று. என்னுடையதுதான், அறுக்கும் வரை பொறுங்கள் என்றேன். எவ்வளவு நாள் என்றார். எனக்கு மஞ்சளும் கரும்பும்தான் தெரியும், மக்காச்சோளக் கணக்கு யாருக்குத் தெரியும்? அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நீ இரண்டு விரலைக் காட்டினாய். இரண்டு வாரமா, இரண்டு மாதமா? துணிந்து மாதம் என்றேன். பெருமூச்சு விட்டார். செங்கல்லை மூலையில் இறக்கிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் இருவரும் வரப்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். விஷயம் அதோடு முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

அறுவடை முடிந்த அன்று சாயங்காலம் என் வாசலில் சாக்குகள் இறங்கின. விளைந்ததில் சரிபாதி. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அது சும்மா சொன்ன பொய்தானே, பிள்ளைகளுக்கு எடுத்துப் போ என்று சாக்கைத் திருப்பித் தள்ளினேன். நீ நகரவில்லை.

"நாலு பேத்துக்கு முன்னால உன்றதுன்னு சொல்லிப்போட்டேன். இப்ப என்னைப் பொய்க்காரி ஆக்காத."

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். சாக்குகள் என் வீட்டில் இருக்கும், சமையல் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து. அந்த மாவில் நான் களி கிண்ட, இது எங்கள் உகாலிதான், பெயரை மாற்றிச் சொல்கிறாய் என்று உன் பிள்ளைகள் என்னோடு சண்டை பிடித்தார்கள். அடுத்த மழை வரை அப்படியே ஓடியது. பிறகு நீ வேறொரு மனைக்குப் போனாய், நான் டெக்சஸுக்கு வந்தேன்.

இங்கே வந்தும் பல வருஷம் வேலைக்குப் போக முடியவில்லை, கிரீன் கார்டுக்குக் காத்திருந்தோம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் என் பெயர் கணவரைச் சார்ந்தவள் என்றே போனது. ஆனாலும் நான் உடைந்து போகவில்லை, தோழி. அதற்குக் காரணம் நீதான். எனக்கென்று ஒன்றுமே இல்லாத ஊரில், உன் பிள்ளைகளின் சோற்றில் பாதியைக் காட்டி இவளுடையது என்றாய், பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தாய். ஒரு போகம் நானும் தோட்டத்துக்காரியாக இருந்தேன். அதை எந்த விண்ணப்பத்திலும் எழுத இடமில்லை, என்னிடமிருந்து எடுக்கவும் ஆளில்லை.